குழாய்க்கு ஒரு சொம்பு

அந்தப் பையை மடியில வச்சுக்கங்க சார், நானும் ஒக்காந்துக்கறேன். இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு இந்த பஸ் நகராது. அங்க பாருங்க, மேட்டுலேர்ந்து மண்ணு சரிஞ்சு பாதி ரோட்டை மூடியிருக்கு. காலையில நான் போறப்ப நாலு கல்லுதான் கெடந்துச்சு. ஜேசிபி வந்திருச்சு, இல்லேங்கல. ஆனா அதை ஓட்டுறவரு டீ குடிக்காம கையை வைக்க மாட்டாரு. அவரு குடிக்கிற டீயும் சீக்கிரத்துல ஆறாது.

இப்ப கண்டக்டர்கிட்ட ஒண்ணு சொன்னீங்கள்ல? "இம்புட்டு மழை பெய்யிற மலை, இவங்களுக்கெல்லாம் தண்ணிக்கு என்ன கவலை"ன்னு. காதுல விழுந்துச்சு. சண்டைக்கு வந்து ஒக்காரல சார். வடுகபட்டியிலேர்ந்து பூண்டு பாக்க வர்ற யாவாரிங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. நீங்க சொன்ன நேரந்தான் சரியில்ல. நான் இப்பத்தான் தண்ணியை அளந்துட்டு வர்றேன்.

ஆமா, அளந்துட்டு. இந்தா டேப்பு, இந்தா நோட்டு. நோட்டைப் பிரிக்காதீங்க சார். அது எம் மாப்ள சம்பந்தப்பட்டது.

எம் பேரு சின்னாண்டி. ஊரு நெடுவரை, இந்த மண்ணைத் தாண்டுனா மூணு கிலோமீட்டர். நீங்க ஏறுனீங்களே பெரும்பள்ளம், அது என் தங்கச்சி ராசாமணியைக் கட்டிக் குடுத்த ஊரு. அவ புருசன் போதுராஜாதான் அந்த மாப்ள. அவனைப் பத்தி நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ற பழக்கமே எங்கிட்ட கெடையாது, யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆனா அவன் ஒரு திருட்டுப் பய சார்.

எங்க ரெண்டு ஊருக்கும் ஆளுக்கொரு சேத்துக்காடு இருக்கு. படிச்சவங்க சதுப்பு நிலம்பாங்க. ரெண்டு மேட்டுக்கு நடுவுல பள்ளமா, கோரைப்புல்லு மண்டிக் கெடக்கும். தூரத்துலேர்ந்து பாத்தா வெளையாட்டு மைதானம் மாதிரி இருக்கும். காலை வச்சீங்கன்னா முழங்கால் வரைக்கும் உள்ள போயிரும். காட்டுமாடே அதுல எறங்க யோசிக்கும். அடியில கருகருன்னு மண்ணு, பஞ்சு மெத்தை மாதிரி. பெய்யிற மழையைக் குடிச்சு வச்சுக்கிட்டு, சித்திரை வைகாசியிலயும் கொஞ்சங் கொஞ்சமா கசிய விடும். அந்தக் கசிவுதான் எங்க குடிதண்ணி. அங்கருந்துதான் ஊர்த் தொட்டிக்குக் குழாய் வருது. வேற ஆறு கெடையாது, கிணறு கெடையாது. சேத்துக்காடு இருந்தா நாங்க இருக்கோம்.

போன வருசம் ரெனிட்டா மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. மலைச் சதுப்பு நிலத்துக்கு என்னாகுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க. ஊர்க் கூட்டத்துல நின்னு சொன்னாங்க. "வருசத்துக்குப் பெய்யிற மழை பெருசா கொறையல. வர்ற விதம் மாறிப்போச்சு. முன்னாடி பதினஞ்சு நாளு நூல் நூலா எறங்குனது, இப்ப ஒரே மத்தியானத்துல கொட்டி முடிச்சிருது. பத்து நாள் சோத்தை ஒரே வேளையில வாயில திணிச்சா மனுசன் என்ன பண்ணுவான்? துப்பத்தான் செய்வான். இந்த மண்ணும் அப்படித்தான், குடிக்க நேரமில்லாம வெளிய விட்டுருது"ன்னாங்க. கொட்டுற தண்ணி நடுவுல பள்ளம் பறிச்சிருது, அந்தப் பள்ளம் வழியா உள்ள இருக்கிற தண்ணியும் வடிஞ்சு போயிருது, வெயில் வேற கூடிப்போச்சு, ஓரத்துல எப்பவோ வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்து நட்ட சீகை மரங்க மிச்சத்தை உறிஞ்சுக்குது. இப்படி நெறையச் சொன்னாங்க. நான் நல்லா தலையாட்டிக் கேட்டேன். எனக்கு என்ன புரிஞ்சுச்சுன்னா, மேடம் ரொம்ப நல்லவங்கன்னு புரிஞ்சுச்சு.

சேத்துக்காட்டுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை ஆள் இடுப்பு ஆழத்துக்கும் மேல எறக்கி நட்டாங்க. மலையில பல ஊருலயும் நட்டதுல எங்க ஊர்ல ஒண்ணு, பெரும்பள்ளத்துல ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மூடியைத் தெறந்து, குண்டு கட்டுன டேப்பை உள்ள விடணும். தண்ணியைத் தொட்டா 'டொப்'புன்னு சத்தம் கேக்கும். குழாய் வாயிலேர்ந்து தண்ணி எத்தனை சென்டிமீட்டர் கீழ இருக்குன்னு நோட்டுல எழுதணும். நம்பர் சின்னதா இருந்தா தண்ணி மேல இருக்குன்னு அர்த்தம். நம்பர் பெருசானா எறங்குதுன்னு அர்த்தம். எங்க ஊர்ல பொறுப்பான ஆளு யாருன்னு கேட்டாங்க. கூட்டத்துல எல்லாரும் என்னைப் பாத்தாங்க. சரி, எல்லாரும்னு சொல்ல முடியாது. நான்தான் முன்னாடி ஒக்காந்திருந்தேன். பெரும்பள்ளத்துல யாரு கெடைச்சான்னு நெனைக்கிறீங்க? போதுராஜா.

மேடம் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் பெரிய தாள்ல படம் போட்டுக் கொண்டாந்து மாட்டுவாங்க. ரெண்டு ஊர்க்காரங்களும் ஒண்ணா ஒக்காந்து பாக்கணும். எங்க ஊருக்கு ஊதாக் கோடு, அவங்க ஊருக்குச் செவப்புக் கோடு. மொத கூட்டத்துல எங்களுது முப்பத்தஞ்சு, அவங்களுது முப்பது. அடுத்த கூட்டத்துல எங்களுது நாப்பத்தெட்டு, அவங்களுது நாப்பத்தொண்ணு. ரெண்டு கோடும் எறங்குதுன்னு மேடம் கவலையா சொல்லிக்கிட்டு இருக்காங்க. அதை யாரு பாத்தா? செவப்பு மேல இருக்கா ஊதா மேல இருக்காங்கிறதைத்தான் அம்புட்டுப் பேரும் பாத்தாங்க.

அதோட விட்டிருந்தா நான் சும்மா இருந்திருப்பேன் சார். தங்கச்சி மக காதுகுத்து வந்துச்சு. தாய்மாமன் நான்தான். புள்ளையை என் மடியில ஒக்கார வச்சிருக்கு, ஆசாரி காதுகிட்ட ஊசியைக் கொண்டு போறாரு, சனம் பூரா சுத்தி நிக்குது. அப்பப் பாத்து போதுராஜா சொல்றான், "எல்லா வீட்லயும் தாய்மாமன் சீர் கொண்டாருவாரு. எங்க மச்சானுக்கு நாங்கதான் திரும்பிப் போறப்ப ரெண்டு குடம் தண்ணி குடுத்து அனுப்பணும்"ன்னு. சிரிக்காத ஆளு இல்ல. ஆசாரியும் சிரிச்சாரு. அவரு சிரிச்சதுல கை ஆடி, புள்ளை வீல்னு கத்துச்சு. இப்பவும் அந்தப் புள்ளைக்கு எடது காது ஓட்டை கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். யாரு பொறுப்பு அதுக்கு?

அடுத்த ஞாயித்துக்கிழமை போய் அளந்தேன். அம்பத்திரெண்டு. மனசே விட்டுப்போச்சு. அப்புறம் நான் ஒண்ணும் பண்ணல சார், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. முகம் கழுவலாம்னு கசிவுலேர்ந்து ஒரு சொம்புல தண்ணி மொண்டு வச்சிருந்தேன். குனியறப்ப அதுல பாதி குழாய்க்குள்ள சிந்திருச்சு. சிந்துன பெறகு இன்னொரு தரம் அளந்து பாத்தேன். முப்பத்திரெண்டு. அளந்ததைத்தானே எழுதச் சொல்லியிருக்காங்க? அளந்ததை எழுதுனேன்.

அதுக்கடுத்த வாரமும் சிந்திருச்சு.

தப்பு என்ன இருக்கு சொல்லுங்க. அந்தச் சேத்துக்காட்டுத் தண்ணி, அதே சேத்துக்காட்டுக்குள்ள போகுது. வலது பாக்கெட்டுல இருக்கிறதை எடது பாக்கெட்டுக்கு மாத்துனா அது திருட்டா? குழாய்ல ஓட்டை இருக்கிறதால ஊத்துன தண்ணி மெல்ல மண்ணுக்குள்ள எறங்கிரும். எறங்குறதுக்குள்ள டேப்பை விடணும். அதுக்கு ஒரு கைப்பக்குவம் வேணும். எனக்கு இருந்துச்சு.

அடுத்த கூட்டத்துல ஊதாக் கோடு மேல ஏறி நிக்குது. போதுராஜா மொகத்தைப் பாத்திருக்கணும் நீங்க. பெருந்தன்மையா மீசையை மட்டும் தடவிக்கிட்டேன்.

அதுக்கப்புறந்தான் சார் அநியாயம் ஆரம்பிச்சது. ரெண்டு மாசங் கழிச்சுப் பாத்தா செவப்புக் கோடு எங்களைத் தாண்டி நிக்குது! எப்படி ஏறும்? ஒரு பொட்டு மழை இல்ல. எனக்கு அந்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு, இவன் ஊத்துறான்னு. வீட்டுக்கு வந்து பழனியம்மாகிட்ட, அதான் என் சம்சாரம், அவகிட்ட சொல்லிச் சொல்லி மாய்ஞ்சுபோறேன். ஒரு ஆராய்ச்சின்னு நம்பி ஒப்படைச்சிருக்காங்க, அதுல போய் ஒரு மனுசன் இப்படி ஏமாத்துவானா? இவனுக்கா என் தங்கச்சியைக் குடுத்தேன்? அவ உலையில அரிசியைப் போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. கடைசியில "சரி, உங்க சொம்பு எங்க? நாலு நாளாத் தேடுறேன்"ன்னா. பொம்பளைகளுக்கு ஆராய்ச்சி புரியாது சார்.

விட முடியுமா? மாசியில ஒரு சொம்பு ஊத்துனேன். பங்குனியில ரெண்டு. அப்புறம் சேத்துக்காட்டுக் கசிவு நின்னுபோச்சு. மொள்ளத் தண்ணி இல்ல. ஊர்த் தொட்டிக்கும் மூணு நாளைக்கு ஒருதரந்தான் வந்துச்சு. அதனால ஊருக்கு மேல பாறை இடுக்குல சொட்டுற ஊத்துக்குப் போக ஆரம்பிச்சேன். விடிகாலையில அங்க பொம்பளைக குடத்தோட வரிசையில நிப்பாங்க. பழனியம்மாவும் நிப்பா. நான் போய், "ஆராய்ச்சி வேலை, கொஞ்சம் வழி விடுங்க"ன்னு சொல்லி முன்னாடி போய் ஒரு குடம் மொண்டுக்குவேன். மரியாதையா வழி விட்டாங்க. எஞ் சம்சாரம் மட்டும் அந்த வரிசையில நின்னுக்கிட்டே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "மேரக்காய்ச் செடிக்கு ஒரு சொம்பு ஊத்துங்கன்னா இடுப்புப் புடிச்சுக்குது. குழாய்க்கு ஊத்தன்னா கோழி கூவுறதுக்கு முந்தி எந்திரிச்சிர்றாரு"ன்னா.

சித்திரையில அந்தக் கூட்டம். நல்ல காய்ச்சல் வெயில். எங்க ஊர் இளவட்டங்க சேத்துக்காட்டுக்குள்ளயே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருக்கானுக. பந்து விழுந்தா தூசி பறக்குது. குழாய்ல மட்டும் தண்ணி பதினெட்டு சென்டிமீட்டர்ல வந்து நிக்குது. போதுராஜா குழாய்ல பதினாறு! மேடம் கோயமுத்தூர்லேர்ந்து அவங்களுக்கு மேல இருக்கிற ஒரு பெரியவரைக் கூட்டியாந்தாங்க. அவரு சேத்துக்காட்டுக்குள்ள பளபளன்னு பாலிஷ் போட்ட ஷூவோட நடந்தாரு. ஷூவுல ஈரம் படல. குழாயை எட்டிப் பாத்தாரு. என்னை எட்டிப் பாத்தாரு. மறுபடி குழாயைப் பாத்தாரு. ரெண்டு குழாய்லேர்ந்தும் சின்னச் சின்ன பாட்டில்ல தண்ணி எடுத்துக்கிட்டுப் போனாரு.

ஆனா அதுக்குள்ள லிஸ்ட்டு போட்டுட்டாங்க சார். லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கிறது அந்தக் கூட்டத்துலதான் எனக்கே ஒழுங்காப் புரிஞ்சுச்சு. தண்ணி ரொம்ப எறங்குன சேத்துக்காடு எதுன்னு பாத்து, ரெண்டு எடத்துல மட்டும் வேலை செய்வாங்களாம். சீகை மரத்தை வெட்டி எடுத்து, நடுவுல பறிச்ச பள்ளத்துல கல்லும் மரமும் வச்சு அடைச்சு, தண்ணியை உள்ளயே நிக்க வைப்பாங்களாம். இத்தனை மாசமா அளந்ததே அதுக்குத்தான். மேடம் மொதக் கூட்டத்துலயே சொல்லியிருக்காங்க. நான் தலையாட்டிக்கிட்டு இருந்தப்ப சொல்லியிருப்பாங்க போல.

அந்த ரெண்டு எடமும் வேற ஊருங்களுக்குப் போயிருச்சு. எங்க ரெண்டு ஊருக்கும் என்ன குடுத்தாங்க தெரியுமா? "இந்த வெயில்லயும் தண்ணி கொறையாத சதுப்பு, பாதுகாத்த பெருமை இவங்களையே சேரும்"ன்னு எனக்கும் போதுராஜாவுக்கும் மேடையில பொன்னாடை போத்துனாங்க. நான்தான் மொதல்ல கை தட்டுனேன். பதினெட்டா பதினாறான்னு ஒரு சின்ன வருத்தம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனாலும் பொன்னாடை ரெண்டும் ஒரே சைசுதான்.

அதைப் போத்திக்கிட்டே வீட்டுக்குப் போனேன். பழனியம்மா மேலயும் கீழயும் பாத்தா. "இதைப் பிழிஞ்சா எத்தனை குடம் தேறும்?"னு கேட்டா.

சிரிங்க சார், சிரிங்க. எனக்கு அப்பச் சிரிப்பு வரல.

பத்து நாள்ல பாட்டில் தண்ணிக்கு ரிசல்ட் வந்துச்சு. பெரும்பள்ளத்துக் குழாய்த் தண்ணியில பிளீச்சிங் பவுடர்! சேத்துக்காட்டுல பிளீச்சிங் பவுடர் எங்கருந்து வரும்? அந்த மடையன் மருந்து போட்டு விடுற பஞ்சாயத்துக் குழாய்ல புடிச்சு ஊத்தியிருக்கான் சார். நானாவது ஊத்துத் தண்ணி. சுத்தமான தண்ணி. என் பாட்டில்ல ஒரு கறை கண்டுபுடிக்க முடியல அவங்களால. அந்த வகையில பாத்தா நான் மாட்டவே இல்ல. மேடம் போய்க் கேட்டதும் போதுராஜா என்ன சொன்னானாம்? "மச்சான் ஊத்துறாரு, அதனால நானும் ஊத்துனேன்"னானாம். இதைத்தான் சார் என்னால இன்னும் தாங்க முடியல. பொண்ணு குடுத்த மச்சானைக் காட்டிக் குடுத்துட்டான். நான் ஊத்துறதை அவன் பாத்தானா? பாக்கல. சும்மா யூகம். ஒரு மனுசனை யூகத்துல போய்ப் பழி சொல்லலாமா?

மேடம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. திட்டுவாங்கன்னு நெனைச்சு நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு வேலை இருக்குன்னு போனேன். பழனியம்மா கூப்புட்டு ஒக்கார வச்சுட்டா. மேடத்துக்கு மொதல்ல சிரிப்பு வந்திருச்சு. அடக்கிப் பாத்தாங்க, முடியல. டீ டம்ளரைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாங்க. பழனியம்மாவும் கூடச் சேந்துக்கிட்டா. அப்புறம் மேடம் கண்ணைத் தொடைச்சுட்டு நோட்டை எடுத்தாங்க. "சரிண்ணே. எழுதுன நம்பர் போகட்டும். எந்த மாசம் எத்தனை சொம்பு ஊத்துனீங்க? அதைச் சொல்லுங்க"ன்னாங்க.

அது எதுக்குன்னு கேட்டேன். "குழாயோட அகலம் எனக்குத் தெரியும். எவ்வளவு ஊத்துனா எவ்வளவு ஏறும்னு கணக்குப் போட்ரலாம். ஊத்துறதுக்கு முன்னாடி தண்ணி எங்க இருந்துச்சுன்னு கிட்டத்தட்டத் தெரிஞ்சிரும்"ன்னாங்க.

நானும் சொன்னேன். கார்த்திகையில அரைச் சொம்பு. தையில முக்காச் சொம்பு. மாசியில ஒண்ணு. பங்குனியில ரெண்டு. அப்புறம் மண்ணே குடிச்சுக்குது, நிக்க மாட்டேங்குது, அதனால அரைக் குடம். சித்திரையில ஒரு குடம்...

சொல்லிக்கிட்டே வர்றப்ப வாய் நின்னுபோச்சு சார்.

ஊர்ல வேற யாருக்கும் தெரியாது. தொட்டியில தண்ணி வரலைன்னா மோட்டார் கெட்டுப்போச்சும்பாங்க, குழாய் அடைச்சுக்கிச்சும்பாங்க, பஞ்சாயத்துல ஆளு சரியில்லைம்பாங்க. எனக்கு மட்டும் தெரியும். வாரா வாரம் நான்தான் மூடியைத் தெறந்து, எவ்வளவு எறங்கியிருக்குன்னு மொதல்ல பாத்து, அதுக்குத் தக்கன சொம்பு ஊத்துனேன். எங்க ஊரு காயுறதை எங் கையாலயே அளந்து அளந்து மூடியிருக்கேன். எம் பொண்டாட்டி வரிசையில நிக்க நிக்க, அவளைத் தாண்டிப் போய் மொண்டு வந்து மூடியிருக்கேன். அன்னைக்கு எனக்கு வந்த வெக்கம் இருக்கே, அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எந்திரிச்சுப் போய் மொகத்தைக் கழுவலாம்னு பாத்தா குடத்துல அடியிலதான் கெடக்கு. கழுவாமயே வந்து ஒக்காந்தேன்.

மேடம் ஒண்ணும் கடுமையாச் சொல்லல. அடுத்த லிஸ்ட்டு தை மாசம் போடுவாங்களாம். அது வரைக்கும் நெசமான நம்பர் வேணுமாம். "ஆனா உங்க ரெண்டு பேரையும் நான் எப்படிண்ணே நம்புறது? நேத்து வரைக்கும் தண்ணி கூட இருக்குன்னு காட்டப் போட்டி போட்டீங்க. இப்ப லிஸ்ட்டுல வரணும்னா தண்ணி கம்மின்னு காட்டணும். இனி குழாய்லேர்ந்து மொண்டு வெளிய ஊத்துவீங்க"ன்னாங்க. நான் அதை யோசிக்கவே இல்ல சார். சத்தியமா யோசிக்கல. அப்பத்தான் லேசா யோசிச்சேன்.

அதனால ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க. அவன் ஊருக் குழாயை நான் அளக்கணும். எங்க ஊருக் குழாயை அவன் அளக்கணும். நம்பரை நோட்டுல எழுதி மேடத்துக்கிட்ட மட்டுந்தான் காட்டணும், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கக் கூடாது. "பெருமை அவருக்குப் போயிரும்னு நீங்க அவரு தண்ணியைக் கூட்டியும் எழுத மாட்டீங்க, லிஸ்ட்டுல அவரு முந்திரக் கூடாதுன்னு கொறைச்சும் எழுத மாட்டீங்க. சரியா இருக்கும்"ன்னாங்க. எங்க ரெண்டு பேரையும் பத்தி அந்தம்மாவுக்கு நல்லாப் புரிஞ்சுபோச்சு.

இது நாலாவது ஞாயித்துக்கிழமை. காலை பஸ்ஸுல நான் பெரும்பள்ளம் போவேன், அவன் முதல் பஸ்ஸுல நெடுவரைக்கு வந்திருவான். சாயங்காலம் எங்க ஊரு ஸ்டாப்புல பாத்துக்குவோம். நான் எறங்குவேன், அவன் எதிர் பஸ்ஸுக்கு நிப்பான். என் சேத்துக்காட்டு நம்பர் நாலு வாரமா எனக்கே தெரியாது. அவன்கிட்ட சாடை மாடையாக் கேட்டா, மொகத்தை அண்ணாந்து வச்சுக்கிட்டு, "ஆராய்ச்சி ரகசியம் மச்சான்"பான். உள்ளுக்குள்ள சிரிப்பான். நானும் அதையேதான் சொல்லுவேன்.

ஆங், ஜேசிபி ஆரம்பிச்சுட்டாரு. பாருங்க, முந்தாநாளு பெஞ்ச ஒரு மணி நேர மழையில ஊறிப்போன மேடுதான் இன்னைக்கு இம்புட்டு மண்ணாச் சரிஞ்சிருக்கு. அன்னைக்கு நான் வீட்டு வாசல்ல நின்னு சந்தோசமா இருந்தேன். இம்புட்டுக் கொட்டுதே, சேத்துக்காடு ரெண்டும் ரொம்பிருக்கும்னு. நீங்க கண்டக்டர்கிட்ட சொன்னதையேதான் நானும் நெனைச்சேன்.

இன்னைக்கு ராசாமணியும் எங்கூட வந்தா. வெயிலா இருக்கு, அண்ணன் குடிக்கட்டும்னு கையில ஒரு சொம்பு தண்ணி. நடுவுல பறிச்சிருந்த பள்ளம் இன்னும் ஒரு முழம் ஆழமாப் போயிருக்கு. மழைத் தண்ணி அதுல வந்த வேகத்துல போயிருக்கு, ஓரத்துல சருகும் நுரையும் ஒட்டிக் கெடக்கு. புல்லு வேர் காஞ்சு தொங்குது. போன வாரம் நூத்தி நாப்பது இருந்துச்சு. மூடியைத் தெறந்து டேப்பை விட்டேன். நூத்தி நாப்பது தாண்டுச்சு. சத்தம் இல்ல. நூத்தி அம்பது. குண்டு போய் மண்ணுல குத்தி நின்னுபோச்சு. மேல இழுத்துப் பாத்தேன், ஒட்டியிருக்கிறது வெறும் தூசி. திரும்ப விட்டேன். நாலு தரம் விட்டேன் சார்.

ஜெயிச்சுட்டேன். அவன் சேத்துக்காடு காஞ்சுபோச்சு. காதுகுத்துல அம்புட்டுப் பேருக்கு முன்னாடி சொன்னானே, அவனுக்கு நான் என்னென்னவோ பதில் யோசிச்சு வச்சிருந்தேன். ஒண்ணு கூட ஞாபகம் வரல. அந்தக் குழாய்க்குள்ள கொஞ்சூண்டு தண்ணி இருந்துரக் கூடாதான்னு நெஞ்சு அடிச்சுக்குது. எங்க ஊரை விட ஒரு முழம் மேல இருந்தாலும் பரவாயில்ல, இருந்துட்டுப் போகட்டும்னு அடிச்சுக்குது. போதுராஜா ஜெயிக்கணும்னு வாழ்க்கையில ஒரே ஒரு தரம் நான் வேண்டியிருக்கேன்னா அது இன்னைக்குத்தான்.

ராசாமணி பக்கத்துல நிக்கிறா. எம் மொகத்தைப் பாத்துட்டு, மெதுவா, "ஊத்தவாண்ணே?"ங்கிறா. "அவரு ஊத்துறப்பெல்லாம் நான்தான் மொண்டு குடுப்பேன்"ங்கிறா. அந்தச் சொம்பை நீட்டிக்கிட்டு நிக்கிறா சார். அவ ஊர்ல தண்ணி வந்து நாலு நாளாச்சு. வீட்டுல எத்தனை குடம் இருக்குன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிருவா.

வேண்டாந் தாயி, வீட்டுக்குக் கொண்டு போன்னேன். நான் ஒரு மடக்குக் கூடக் குடிக்கல. நோட்டுல 'தண்ணி இல்ல'ன்னு எழுதுனேன். எழுத்து கோணலா வந்துச்சு, அடிச்சுட்டுத் திரும்ப ஒழுங்கா எழுதுனேன். லிஸ்ட்டுல மொதல்ல அவங்க ஊருதான் வரணும். வரட்டும். எங்களுக்கு அதுக்கடுத்து வந்தாப் போதும்.

நகருது, நகருது. கம்பியைப் புடிச்சுக்கங்க, இந்த எடத்துல ரோடு ஒரு பக்கமாச் சாஞ்சுதான் இருக்கும். இந்த வளைவு திரும்புனா எங்க ஊருதான். நீங்க நேரா போயிருங்க, டவுனுக்கு இருட்டுறதுக்குள்ள சேந்திரலாம். பூண்டு எப்படின்னு கேக்கவே மறந்துட்டேன் பாருங்க. பெரும்பள்ளத்துப் பூண்டு நல்ல காரமா இருக்கும். இந்த வருசம் பல்லு சிறுத்துத்தான் இருக்கும், குறை சொல்லாம எடுத்துக்கங்க.

அந்தா நிக்கிறான். பச்சைத் துண்டு. அவனேதான். வழக்கமா இந்த பஸ்ஸைப் பாத்ததும் கையை ஆட்டிக் கூத்தடிப்பான், இன்னைக்கு என்னமோ சும்மா நிக்கிறான். சார், ஜன்னல் வழியா அவன் ஏதாச்சும் கேட்டா நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க. அவன் வீட்டுக்குப் போயி ராசாமணி வாயால கேட்டுக்கட்டும். நான் நோட்டுல சரியா எழுதிட்டேன். வாயால சொல்றதுக்குத்தான் வரமாட்டேங்குது. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க, எறங்கிக்கறேன்.

என்ன மாப்ள, ரொம்ப நேரமா நிக்கிறியா? மண்ணு சரிஞ்சு லேட்டாகிப்போச்சு... ஆமா, அளந்தேன். இருக்கு, இருக்கு. ஒங்க ஊருக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு... எங்களுது?

கேட்டீங்களா சார்? "உங்களுதும் நல்லாருக்கு மச்சான்"ங்கிறான். தரையைப் பாத்துக்கிட்டே சொல்றான்.